கீல் பக்கம்

அக்காவின் கால் சும்மா இருந்து யாரும் பார்த்ததில்லை. கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவள் தொழில். பழகுபவருக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கும் இரண்டாவது பிரேக்கின் மேல் பாதத்தை வைத்தபடியே பாதி வாழ்க்கையை ஓட்டிவிட்டாள். அந்தப் பழக்கம் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. சோபாவில் உட்கார்ந்து செய்தி பார்க்கும்போதும் பாதம் தரையை அழுத்திக்கொண்டிருக்கும். தம்பி ஏதாவது ஏடாகூடமாகச் சொல்ல வாயெடுத்தால் போதும், கால் இல்லாத பிரேக்கை மிதிக்கும். அதைப் பார்த்தே அவன் பாதிப் பேச்சை விழுங்கிவிடுவான்.

தொழில் போக அவளுக்கு இன்னொரு வேலை உண்டு. நாய்க் காப்பகத்தில் குட்டிகளுக்கு ஆள் வரிசையில் நிற்பார்கள். மூஞ்சி நரைத்ததை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அது படியேறுமா, குழந்தையைக் கண்டால் உறுமுமா, தனியே விட்டால் ஊரைக் கூட்டுமா என்று கூண்டைப் பார்த்து யார் சொல்ல முடியும்? ஒரு வீட்டில் சில வாரம் இருந்தால்தான் தெரியும். தெரிந்து சொன்னால்தான் நம்பி அழைத்துப்போக ஒருவர் வருவார். அந்த இடைக்கால வீடு அக்காவுடையது. "என் வீடு பிளாட்பாரம் மாதிரி. வண்டி வந்தா ஏறிப் போய்க்கிட்டே இருக்கணும்" என்று அவளே ஒருநாள் சொல்லப்போக, காப்பகத்தில் அவளுக்குப் பிளாட்பாரத்தக்கா என்று பெயர் விழுந்தது. எத்தனையோ கிழடுகள் வந்துபோயின. ஒன்றையும் அவள் நிறுத்தி வைத்துக்கொள்ளவில்லை, அனுப்பும் நாளில் கண் கலங்கவுமில்லை. நான் தாமரை இலைத் தண்ணீர் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வாள். தாமரை இலை அப்படித் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டு திரிவதாகத் தெரியவில்லை.

இப்போது வந்திருப்பவர் பெரியவர். தவிட்டு நிறம், நரைத்த முகவாய், பால் படர்ந்த கண்கள், ஏறக்குறைய முழுச்செவிடு. தனியாக வாழ்ந்த ஒரு கிழவர் இறந்துபோனதும், பக்கத்து வீட்டுக்காரர் காப்பகத்தில் கொண்டுவந்து விட்டிருந்தார். பெயர் என்னவென்று கேட்டதற்கு, "அவர் கூப்பிட்டு நான் கேட்டதே இல்லைங்க. ரெண்டு பேரும் பேசாமலே ஒண்ணாப் போவாங்க, வருவாங்க" என்றாராம். பெயரில்லாத நாயை இந்த வயதில் டாமி என்றா கூப்பிடுவது? பெரியவர் என்று அக்கா சொல்லிவைத்தாள். சொன்ன பிறகு 'அது, இது' என்று பேச நாக்கு வரவில்லை. பெரியவர் சாப்பிட்டாரா, பெரியவர் எழுந்துட்டாரா என்று மரியாதை தானாக ஒட்டிக்கொண்டது.

மரியாதைக்குக் குறைவில்லை, ஆனால் பெரியவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. கூடத்திலிருந்து சமையலறை, சமையலறையிலிருந்து கூடம், ஓயாத நடை. தரையில் நகம் டக் டக்கென்று விழும். தம்பிக்கு ரொட்டி அடுமனையில் இரவு வேலை. ஊர் விழிக்கும் நேரத்தில் வந்து படுப்பவன். அவன் தலைமாட்டுச் சுவருக்கு அந்தப்பக்கம்தான் இந்த ஊர்வலம்.

"அக்கா, ஒண்ணு இவர் நடக்கணும், இல்லை நான் தூங்கணும். ரெண்டும் ஒரே வீட்டுல நடக்காது."

"நீயும் எந்திரிச்சு கூட நடடா. தொப்பையாவது குறையும்."

வாய் அப்படிச் சொன்னாலும் அவளுக்கும் உள்ளூர உறுத்தல்தான். நடந்து நடந்து பெரியவர் கடைசியில் வாசல் கதவுக்குப் போவார். போய், கைப்பிடி இருக்கும் பக்கம் நிற்க மாட்டார். கீல் பக்கம் நிற்பார். கதவும் நிலையும் சேரும் அந்த இடுக்கில் மூக்கைக் கொடுத்து, திறக்கவே திறக்காத ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். கொஞ்ச நேரத்தில் காலடியில் ஈரம் பரவும். தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு மறுபடி நடக்கத் தொடங்குவார்.

கிழட்டு நாய்களோடு பழகியவர்களுக்கு இதற்கு அர்த்தம் தெரியும். புத்தி கலங்கத் தொடங்கிய நாய் முதலில் மறப்பது கதவைத்தான். எந்தப் பக்கம் திறக்கும் என்பது போய்விடும். கீல் பக்கம் நின்று, திறக்கும் திறக்கும் என்று காத்திருக்கும். அப்படி நின்ற நாய்கள் இதே வீட்டில் இதே கதவடியில் நின்றிருக்கின்றன. புதிதாக வந்தவர் யாராவது என்றால் 'பாவம், வெளியே பார்க்குது' என்று விட்டிருப்பார்கள். அக்காவுக்கு அனுபவம் இருந்ததே, அதுதான் வினை.

காப்பக டாக்டர் ரத்தம் சோதித்துப் பார்த்து, "உடம்புல பெருசா ஒண்ணும் இல்லை. வீட்டுல எப்படி இருக்கார்னு உங்களுக்குத்தான் தெரியும். நீங்களே பார்த்துச் சொல்லுங்க" என்று அவளிடமே விட்டார். பார்த்தாள், சொன்னாள்.

சொன்னது யாரிடம்? பெரியவரை அழைத்துப்போகத் தயாராக இருந்த நூலகரம்மாவிடம். பள்ளிக்கூட நூலகத்தில் வேலை, தனி வீடு, மெதுவான குரல். இரண்டு முறை வந்து பார்த்திருந்தார். இரண்டாம் முறை பெரியவர் அந்தம்மாவின் செருப்பின் மேல் தாடையை வைத்துத் தூங்கிப்போனார். கால் மரத்துப்போயும் அந்தம்மா காலை எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்து கூட்டிப் போகிறேன், படுக்கை கூட வாங்கிட்டேன் என்றார். அவருடைய பழைய நாய் கடைசி நாட்களில் புத்தி கலங்கி, அவரையே அடையாளம் தெரியாமல் கடித்து, கைக்குள்ளேயே உயிரை விட்டது. அது தெரிந்திருந்தும் மறைத்து அனுப்ப அக்காவுக்கு மனம் வரவில்லை. போன் போட்டு, கதவு விஷயத்தைச் சொன்னாள். 

"இன்னொரு தடவை அதை என்னால பார்க்க முடியாதுங்க. மன்னிச்சிருங்க" என்று சொல்லும்போதே அந்தம்மா அழுதுவிட்டார்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே வாய் அக்காவுடையது, கெட்டது பெரியவர்.

காப்பகத்தை நடத்தும் அம்மாவும் வருத்தத்தோடுதான் பேசினார். "நீங்களே சொல்லிட்டீங்கன்னா அப்புறம் என்ன? திங்கட்கிழமை கொண்டு வந்துருங்க. பின்பக்க அறையில வச்சுப் பார்த்துக்கலாம்." பின்பக்க அறை எப்படியிருக்கும் என்று அக்காவுக்குத் தெரியும். சோறு தண்ணீருக்குக் குறை வராது, மருந்தும் நேரத்துக்குக் கிடைக்கும். ஆனால் நாய் தேடி வருகிறவர்களை அந்த அறைப்பக்கம் கூட்டிப் போவதில்லை. போன நாய் வந்ததில்லை.

மறுநாள் காலை வண்டியை எடுத்தபோது அவளுக்கு எதிலும் மனம் நிலைகொள்ளவில்லை. முதல் ஆள் வெளிநாட்டார். பெயர் அவள் வைத்தது. நடுவயது, சாதுவான மனிதர். இருபது வருஷம் வேறொரு நாட்டில் கார் ஓட்டிவிட்டுத் திரும்பியவர். அந்த ஊர் வண்டியில் ஸ்டியரிங் எதிர்ப்பக்கம் இருக்கும், சாலையிலும் எதிர்ப்பக்கம் போக வேண்டும். நன்றாகவே ஓட்டுவார், ஆனால் தினமும் தவறாமல் ஒரு காரியம் செய்வார். நேராக அக்காவின் பக்கக் கதவுக்கு வந்து, திறந்து, ஏறி உட்கார்ந்து, இல்லாத ஸ்டியரிங்கைக் கையால் தேடுவார்.

"என் சீட்டு மேல உங்களுக்கு அப்படி என்ன சார் ஆசை?" என்று அக்கா தினமும் கேட்பாள். அன்றைக்குக் கேட்கவில்லை. அவரே அசடு வழிந்துகொண்டு இறங்கிச் சுற்றி வந்தார்.

"தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்னு சும்மாவா சொன்னாங்க. மூளைக்கு எல்லாம் தெரியுது மேடம். காலுக்குத்தான் தெரிய மாட்டேங்குது. கதவுன்னாலே அது பாட்டுக்கு அந்தப் பக்கம் போயிருது."

"ம்" என்றாள் அக்கா. "கண்ணாடியைப் பாருங்க. கிளம்புங்க."

வண்டி தெருமுனை தாண்டி, பள்ளிக்கூடச் சுவர் தாண்டி, ஆளில்லாத நேர்ச்சாலையில் போய்க்கொண்டிருந்தது. அவர் சொன்னது அவள் காதுக்குள் ஊறிக்கொண்டே இருந்தது. கதவுன்னாலே அது பாட்டுக்கு அந்தப் பக்கம்.

அக்காவின் கால் பிரேக்கை மிதித்தது. இந்தத் தடவை பிரேக் இருந்தது. வண்டி குலுங்கி நின்றது.

வெளிநாட்டார் வெலவெலத்துப் போனார். "என்ன மேடம்? நான் எதையாவது இடிச்சிட்டேனா?"

"நீங்க இடிக்கலை சார். நான்தான் இடிச்சிட்டேன். வண்டியைத் திருப்புங்க, என் வீட்டுக்குப் போங்க."

பெரியவரைப் பின் இருக்கையில் ஏற்றினார்கள். காப்பகத்துக்குப் போன் செய்து, இறந்துபோன கிழவரின் பக்கத்து வீட்டுக்காரர் விலாசத்தைக் கேட்டு வாங்கினாள். வெளிநாட்டாருக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. வழியில் விஷயத்தைக் கேட்டதும் தன் சொந்த விவகாரம்போல முன்னால் குனிந்து ஓட்டத் தொடங்கினார். "அப்போ அவரும் என் கேஸா?" என்று இரண்டு முறை கேட்டார்.

ஊரின் பழைய பகுதியில், ஒட்டி ஒட்டிக் கட்டிய சிறிய வீடுகள். பெரியவரைக் கீழே இறக்கியதும் அவர் நடை மாறியது. தடவித் தடவி நடந்தவர் கயிற்றை இழுத்துக்கொண்டு போனார். மூன்று படி, அதில் ஒன்று உடைந்தது. உடைந்ததைப் பார்க்காமலே தாண்டினார். கிழவர் வீட்டின் பூட்டிய கதவுக்கு முன் போய் நின்றார். கீல் பக்கம் இல்லை. கைப்பிடிக்கு நேர் கீழே, கதவு திறக்கும் ஓரத்தில் மூக்கை வைத்து நின்றார். அந்த வீட்டுக் கதவு அக்கா வீட்டுக் கதவுக்கு நேர்மாறாக மாட்டப்பட்டிருந்தது. திறக்கும் ஓரத்தில், முழங்கால் உயரத்தில், வண்ணம் தேய்ந்து மரம் தெரிந்தது. வருஷக்கணக்கில் ஒரே இடத்தில் நகம் பட்ட தேய்மானம்.

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுக்காரர் வெளியே வந்தார். "அட, வந்துட்டியா!" என்றார். "உள்ள இருந்தாலும் சரி, வெளிய இருந்தாலும் சரி, இந்த ஓரத்துலதாங்க நிப்பான். ஒண்ணுக்கு வந்தா இங்க வந்து நிப்பான். அவர் எந்திரிச்சுத் திறந்து விடுவார். அவ்வளவுதான் ரெண்டு பேருக்கும் பேச்சு."

பெரியவர் காத்திருந்தார். கதவு திறக்கவில்லை. ஒரு முறை முன்காலால் அந்தத் தேய்ந்த இடத்தைச் சுரண்டினார். மறுபடி காத்திருந்தார். வெளிநாட்டார் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

அக்காவுக்கு வெட்கமாக இருந்தது. ஆனைக்கும் அடி சறுக்கும் என்று யாராவது ஆறுதல் சொல்லியிருந்தால் அடித்திருப்பாள். இவர் எதையும் மறக்கவில்லை. வெளியே போகணும் என்று நாள் முழுக்க நடந்து நடந்து, தனக்குத் தெரிந்த இடத்தில் போய் நின்று, மரியாதையாகக் கேட்டிருக்கிறார். நாம் தரையைத் துடைத்துவிட்டு, பாவம் புத்தி போய்விட்டது என்று உச்சுக்கொட்டியிருக்கிறோம். அதற்கு முன்னால் தன் வீட்டுக் கீல் பக்கம் நின்ற நாய்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. அவை எல்லாம் உண்மையிலேயே கலங்கியவைதானா?  இனி அதற்குப் பதில் கிடைக்காது.

அங்கிருந்தே நூலகரம்மாவுக்குப் போன் போட்டாள். மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னாள். அந்தம்மா பொறுமையாகக் கேட்டார்.

"அன்னிக்கு நீங்க அப்படிச் சொன்னீங்க, நம்பினேன். இன்னிக்கு இப்படிச் சொல்றீங்க. நான் எதைங்க நம்பறது? ஒரு தடவை மனசைத் தேத்திக்கிட்டேன். மறுபடி ஆசையை வச்சு, மறுபடி ஏமாந்தா தாங்க மாட்டேன்."

"என்னை நம்பாதீங்க. ஞாயித்துக்கிழமை வந்து அவரைப் பாருங்க. பார்த்துட்டு வேண்டாம்னா ஒரு வார்த்தை பேச மாட்டேன்."

வருவதாகவும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. யோசிக்கிறேன் என்று வைத்துவிட்டார்.

யோசித்து முடிக்கும்வரை சும்மா இருப்பவளா அக்கா? ஊரில் பாதிப் பேருக்குக் கிளட்ச் மிதிக்கச் சொல்லிக்கொடுத்தவள். அதில் ஒருவர் தச்சர். சனிக்கிழமை காலை உளியும் இழைப்புளியுமாக வந்து நின்றார்.

"கதவை இந்தப் பக்கம் திறக்கிற மாதிரி மாத்தணுமா? எதுக்குங்க்கா? நல்லாத்தானே இருக்கு?"

"வீட்டுல பெரியவர் ஒருத்தர் இருக்கார். அவருக்கு இது சரிப்படலை."

தச்சர் பெரியவரை உள்ளே தேடி, நாயைக் கண்டு, அக்காவைக் கண்டு, வாயை மூடிக்கொண்டு வேலையைத் தொடங்கினார். கதவைக் கழற்றிச் சுவரில் சாய்த்தார். பழைய கீல் இருந்த பள்ளங்களில் மரத்துண்டு வைத்து அடைத்தார், எதிர் நிலையில் புதுப்பள்ளம் வெட்டினார், பூட்டைக் கழற்றி மறு ஓரத்துக்கு மாற்றி, பழைய சாவித்துவாரத்தையும் மரத்துண்டால் அடைத்தார். அப்போதுதான் கண்ணயர்ந்திருந்த தம்பி தலையணையோடு வெளியே வந்தான். வாசலில் கதவே இல்லை.

"அக்கா, இது வாடகை வீடு! வீட்டுக்காரர் வந்து கேட்டா என்ன சொல்றது?"

"கதவு இருக்கா இல்லையான்னுதான் கேப்பாரு. இருக்கும்."

"நாய்க்காகக் கதவை மாத்தின குடும்பம்னு ஊரே சிரிக்கும்க்கா."

அக்காவின் பாதம் தரையை அழுத்தியது. அவன் தலையணையோடு உள்ளே போய்விட்டான்.

தச்சர் போன பிறகு பெரியவர் வழக்கம்போல நடை தொடங்கினார். கூடம், சமையலறை, கூடம். பிறகு வாசல். அதே இடம்தான், அதே மூக்கு, அதே காத்திருப்பு. இப்போது அது கைப்பிடிப் பக்கம். அக்கா போய்க் கதவைத் திறந்தாள். வெளிக்காற்று முகத்தில் பட்டதும் பெரியவரின் காது லேசாக நிமிர்ந்தது. இறங்கினார், வேலியோரம் காலைத் தூக்கினார், நிதானமாகத் திரும்பி ஏறி வந்தார். கூடத்தின் நடுவில் ஒரு சுற்றுச் சுற்றிப் படுத்தார். ஒரு பெருமூச்சு. பிறகு நகச் சத்தமே இல்லை.

சற்றுப் பொறுத்துத் தம்பியின் அறைக் கதவு திறந்தது. முகத்தில் கலவரம்.

"என்னக்கா சத்தத்தையே காணோம்? செத்துட்டாரா?"

"தூங்கறார்டா."

அவன் நம்பாமல் குனிந்து பெரியவரின் விலாவில் கையை வைத்துப் பார்த்தான். கையை எடுக்கவில்லை. அப்படியே பக்கத்தில் உட்கார்ந்து, கொஞ்ச நேரத்தில் அவனும் தரையிலேயே தூங்கிப்போனான்.

ஞாயிற்றுக்கிழமை நூலகரம்மா வந்தார். வெறுங்கையோடுதான் வந்தார். பார்த்துவிட்டுப் போகத்தான் வந்தேன் என்பதை அந்த வெறுங்கை சொன்னது. பெரியவர் அந்தம்மாவின் செருப்பை மோந்து பார்த்துவிட்டுப் போய்த் தன் இடத்தில் படுத்துக்கொண்டார். மூன்று பேரும் உட்கார்ந்து நாயையே பார்த்தார்கள். டீ ஆறியது. 

அப்போது அக்காவுக்குள் ஒரு நினைப்பு எழுந்தது. எழாமலே இருந்திருக்கலாம் அந்த நினைப்பு. இவர் இன்றைக்கு எழுந்திருக்காமலே இருந்தால், வாசல் பக்கமே போகாமல் இருந்தால், அந்தம்மா தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். அப்புறம்... பின்பக்க அறைக்கு அனுப்பவா போகிறாள்? மாட்டாள். இவர் இங்கேயே இருந்துவிடுவார். அந்த ஆசை அவளையே திடுக்கிட வைத்தது. பிளாட்பாரத்துக்கு ரயில் மேல் ஆசை வரலாமா? கால் தரையை அழுத்து அழுத்தென்று அழுத்தியது.

பெரியவர் எழுந்தார். கூடத்தைத் தாண்டி நேராக வாசலுக்குப் போனார். திறக்கும் ஓரத்தில் மூக்கை வைத்து நின்றார்.

அக்கா அசையவில்லை. நூலகரம்மா அவளைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார், தானே எழுந்து போய்க் கதவைத் திறந்தார். பெரியவர் இறங்கிப் போய்விட்டு வந்து, ஏறும்போது அந்தம்மாவின் உள்ளங்கையில் ஒரு முறை மூக்கை வைத்துவிட்டு உள்ளே போனார்.

அந்தம்மா கதவருகிலேயே நின்றுகொண்டு கண்ணை மூடினார். கையை வெறும் காற்றில் நீட்டி, சாவியைத் திருப்புவதுபோல் திருப்பிப் பார்த்தார்.

"என்னங்க பண்றீங்க?"

"எங்க வீட்டுக் கதவு எந்தப் பக்கம் திறக்கும்னு பார்க்கிறேன். தினமும் திறக்கிறேன், கேட்டா சொல்லத் தெரியலை. கையைத்தான் கேக்கணும்." மறுபடி திருப்பிப் பார்த்துவிட்டுக் கண்ணைத் திறந்தார். "மாத்தணும். அந்தத் தச்சர் நம்பர் குடுக்கறீங்களா?"

அக்கா கொடுத்தாள். பெரியவரின் சாப்பாட்டுத் தட்டு, மருந்து, கயிறு எல்லாவற்றையும் எடுத்துக் கொடுத்தாள். தம்பி, கேட்காமலே, தன் பழைய போர்வையைக் கொண்டுவந்து வைத்தான். கார் தெருமுனை திரும்பும்வரை அக்கா கையாட்டினாள். கண் கலங்கவில்லை. பார்த்தியா என்பதுபோல் தம்பியைப் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

திங்கட்கிழமை வகுப்புகளெல்லாம் முடிந்து வீடு திரும்பினாள். வெளிநாட்டார் அன்றைக்கு முதல் தடவையாகச் சரியான கதவைத் திறந்திருந்தார். அதைத் தம்பியிடம் சொல்லிச் சிரிக்க வேண்டும் என்று நினைத்தபடி படியேறினாள். சாவியை எடுத்து நீட்டினாள். சாவித்துவாரத்தைக் காணவில்லை. விரலால் தடவினாள். மரம்தான் தட்டுப்பட்டது, தச்சர் அடைத்த மரத்துண்டு. உள்ளே ஏதாவது சத்தம் கேட்கிறதா என்று காதைக் கொடுத்தாள். தரையில் நகம் எதுவும் விழவில்லை.

மறு ஓரம் திறந்து தம்பி எட்டிப் பார்த்தான்.

"அக்கா, அது கீல் பக்கம்."

"தெரியும்டா."

"பழையபடி மாத்திரலாமா? தச்சரைக் கூப்பிடவா?"

"வேண்டாம். இருக்கட்டும்."

சொல்லிவிட்டாளே தவிர அவளால் நகர முடியவில்லை. தம்பி கதவை இன்னும் அகலமாகத் திறந்து பிடித்துக்கொண்டான். அவள் கையில் சாவியோடு, திறக்காத ஓரத்தைப் பார்த்தபடி, அங்கேயே நின்று அழுதாள்.